கணவாய்ச் சாலைகளுக்கு மட்டும் கார்: சுவிஸ் ஆல்ப்ஸில் ஓர் அனுபவம்

சுவிட்சர்லாந்துக்குப் போகிறோம், அங்கே காரை வாடகைக்கு எடுக்கலாமா என்று நண்பர்கள் கேட்கும்போது, பயணத்தின் பெரும்பகுதிக்கு வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன். சூரிக், லூசெர்ன், பெர்ன், ஜெனீவா என நகரங்களை இணைக்கும் ரயில்களுக்கு ஈடாக ஒரு கார் எதையும் தந்துவிடாது. நகருக்குள் கார் வைத்திருப்பவருக்கு நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது கழிந்துவிடும். ஆனால் 2,000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் கணவாய்ச் சாலைகளும், தெற்கே வாலே மாநிலத்தின் கிளைப் பள்ளத்தாக்குகளும் வேறு கணக்கு. அங்கும் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகள் போகின்றன என்றாலும், கணவாய்களில் அவை நாளொன்றுக்குச் சில நடைகள்தான். எழுபதைத் தாண்டிய பெற்றோரை அழைத்துக்கொண்டு, விரும்பிய வளைவில் நிறுத்தி, குளிர்ந்தால் உடனே உள்ளே ஏறிக்கொண்டு, மேகம் கவிந்தால் அன்றைய திட்டத்தையே மாற்றிக்கொள்ளும் வசதி பேருந்தில் கிடைக்காது. ஆகவே நகரங்களை ரயிலில் முடித்துவிட்டு, மலைப்பகுதிக்கு மட்டும் நாங்களே ஓட்டும் காரை எடுத்தோம்.

இந்த வரிசைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்தவர் இறங்கிய கையோடு சாலையின் வலப்பக்கத்தில் ஓட்டத் தொடங்குவது நல்லதல்ல. சில நாள்கள் ரயிலிலும் நடையிலும் கழித்த பிறகு, வாகனங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பது கண்ணுக்குப் பழகியிருக்கும். விமான நிலையத்திற்குப் பதிலாக மலையடிவாரத்துச் சிறுநகரம் ஒன்றில் காரை எடுத்ததால், பரபரப்பான நெடுஞ்சாலையில் முதல் மணி நேரத்தைக் கழிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஆனால் சிறுநகர அலுவலகங்கள் மதிய உணவு நேரத்தில் மூடுகின்றன, ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் திறப்பதே இல்லை. எடுக்கும் நேரத்தையும் திருப்பித் தரும் நேரத்தையும் இதை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

விமான நிலையத்திலேயே எடுக்க விரும்புகிறவர்கள் ஜெனீவாவிலும் பாசலிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு நிலையங்களுக்கும் சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என இரண்டு பகுதிகள் உண்டு. பிரெஞ்சுப் பக்கத்தில் வாடகை பல நேரங்களில் மலிவாகத் தெரியும். அங்கே கிடைக்கும் கார் பிரெஞ்சுப் பதிவெண் கொண்டது என்பதால், சுவிஸ் நெடுஞ்சாலைகளுக்குத் தேவையான வின்யெட் என்ற ஆண்டுக் கட்டண வில்லை அதில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதன் விலை 40 ஃபிராங்க். இல்லாமல் நெடுஞ்சாலையில் பிடிபட்டால் அபராதம் 200 ஃபிராங்க், அதோடு வில்லையையும் வாங்கியாக வேண்டும். 2023 முதல் பதிவெண்ணோடு இணைக்கும் மின்னணு வில்லையும் வந்துவிட்டது. சுவிஸ் பக்கத்தில் எடுக்கும் கார்களில் இது ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும்.

ஆங்கிலத்தில் அச்சிட்ட இந்திய ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு சுவிட்சர்லாந்தில் பயணியாக ஓட்டலாம். ஆனாலும் ஆர்.டி.ஓ. அலுவலகம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைக் கையோடு கொண்டுபோவதே சரி. வாடகை நிறுவனங்கள் சில அதைக் கேட்கின்றன. எல்லைக்கு அப்பால் இத்தாலிக்கோ ஆஸ்திரியாவுக்கோ போனால் சட்டமே அதைக் கேட்கிறது. முன்பணத்தை ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டில்தான் நிறுத்திவைப்பார்கள். மனைவியின் கார்டு, தம்பியின் கார்டு என்பதெல்லாம் அந்த மேசையில் எடுபடாது.

காப்பீட்டைப் பற்றி மேசையில் பேசும்போது, விபத்துச் சேதத்தில் நம் பங்கு எவ்வளவு என்பதோடு, டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி ஆகியவை அதில் அடங்குமா என்றும் கேட்க வேண்டும். மலைச்சாலையில் சேதமாவது பெரும்பாலும் இவைதான். உதிர்ந்த கல் டயரை வெட்டுவதும், எதிரே போகும் வண்டி தெறிக்கவிடும் சரளை கண்ணாடியில் படுவதும், வழிவிடுவதற்காக ஓரம் ஒதுங்கும்போது அடிப்பகுதி உரசுவதும் அங்கே அன்றாட நிகழ்ச்சிகள். சாதாரணக் காப்பீடு இந்த மூன்றையும் விட்டுவிடுவது வழக்கம். வண்டியின் அளவைப் பொறுத்தவரை, நான்கு பேரும் பெட்டிகளும் கொள்ளும் அளவுக்குள் மிகச் சிறியதே போதும். பெரிய எஸ்.யு.வி. எடுத்தால் ஏற்றம் சுலபம் என்று தோன்றும். ஆனால் நடுக்கோடு இல்லாத சாலையில் எதிரே பேருந்து வரும்போது 20 சென்டிமீட்டர் அகலம் குறைவாக இருப்பதன் அருமை தெரியும்.

கியர் விஷயத்தில் கூடுதல் வாடகை கொடுத்தாவது ஆட்டோமேட்டிக் எடுப்பதையே பரிந்துரைக்கிறேன். நம் ஊரில் இடக்கையால் கியர் மாற்றிப் பழகியவர், அங்கே வலக்கையால் மாற்ற வேண்டும். செங்குத்தான வளைவில் வண்டி நின்று, பின்னால் இன்னொரு கார் ஒட்டி நிற்கும்போது, கை தானாகக் கதவுப் பக்கம் போகும். கவனம் முழுவதும் சாலையில் இருக்க வேண்டிய இடத்தில் இந்தச் சிறு குழப்பம் பெரிதாகிவிடும். இடம்வலம் மாறுவதில் நேர்ச்சாலை தொல்லை தருவதில்லை, முன்னால் போகும் வண்டியைப் பின்தொடர்ந்தால் போதும். தொல்லை தருவது காலியான சாலையில், பெட்ரோல் நிலையத்திலிருந்தோ விடுதியிலிருந்தோ காலையில் வெளியே திரும்பும் முதல் கணம். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்வது என்று எங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டோம். கடைசி நாள் வரை என் மனைவி அதைத் தவறாமல் சொன்னார். ரவுண்டானாவில் வண்டிகள் கடிகாரத்திற்கு எதிர்த்திசையில் சுற்றும், உள்ளே இருப்பவருக்கே முதலிடம். பலகை எதுவும் இல்லாத ஊர்ச் சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு முதலிடம். வெள்ளைக்கு மாறாக மஞ்சளில் வரைந்திருக்கும் பாதசாரி வரிக்கோட்டில் ஒருவர் காலெடுத்து வைக்க நின்றாலே வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

வேகம் ஊருக்குள் 50, வெளியே 80, நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர். கேமராக்கள் சாம்பல் நிறப் பெட்டிகளாக எங்கும் நிற்கின்றன. ஊருக்குள் 5 கிலோமீட்டர் வரை மீறினால் 40 ஃபிராங்க், 6 முதல் 10 வரை 120, 11 முதல் 15 வரை 250. அதற்கு மேல் அபராதச் சீட்டோடு முடியாமல் வழக்காகிவிடும். கேமரா எங்கே இருக்கிறது என்று எச்சரிக்கும் கருவியோ செயலியோ அந்நாட்டில் தடை செய்யப்பட்டது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். மலைச்சாலையில் 80 என்று அனுமதி இருப்பதற்கு 80-இல் போக வேண்டும் என்று பொருளில்லை. பின்னால் உள்ளூர்க்காரர் ஒருவர் ஒட்டி வந்தால், ஒதுங்க இடம் கிடைக்கும் இடத்தில் இண்டிகேட்டர் போட்டு விலகி அவரை அனுப்பிவிடுவதே இருவருக்கும் நிம்மதி. அப்படி ஒதுங்கினால் பெரும்பாலும் கையசைத்து நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நாங்கள் காரை எடுத்ததன் முதற்காரணம், கிரிம்செல், ஃபுர்கா, சுஸ்டன் என்ற மூன்று கணவாய்களை ஒரே நாளில் சுற்றிவரும் வட்டம். மைரிங்கனுக்கு அருகே 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் இன்னர்ட்கிர்ஷனில் தொடங்கி, தெற்கே கிரிம்செல் ஏறி, கிளெட்சில் இறங்கி, கிழக்கே ஃபுர்கா ஏறி, ஆண்டெர்மாட் வழியாக வடக்கே வாஸனுக்கு வந்து, மேற்கே சுஸ்டனைக் கடந்து தொடங்கிய இடத்திற்கே திரும்பலாம். மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர்தான். வரைபடச் செயலி மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று காட்டும். அதை நம்பி மதியத்திற்குப் பிறகு கிளம்பினால் பாதிச் சுற்றில் வெளிச்சம் போய்விடும். காலை எட்டு மணிக்குள் கிளம்பி முழு நாளையும் ஒதுக்க வேண்டும். கோடையின் சனி, ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக வரும், வளைவின் நடுவிலேயே முந்திச் செல்வார்கள். வார நாள்களில் செவ்வாய் முதல் வியாழன் வரை சாலை எவ்வளவோ அமைதி.

கிரிம்செல் ஏற்றம் முதல் முறை ஓட்டுபவருக்கு ஏற்ற சாலை. அகலமானது, வளைவுகள் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும், இருபுறமும் கழுவித் துடைத்தாற்போன்ற கருங்கல் பாறைகள். வழியெல்லாம் நீர்மின் நிலையங்களும் அணைகளும் வருகின்றன. 1932-இல் முடிக்கப்பட்ட பழைய ஷ்பிட்டல்லாம் அணைக்கு முன்னாலேயே புதிய அணை ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். ஏரியின் சாம்பல் கலந்த வெளிர்பச்சை, பனியாறு அரைத்துத் தள்ளும் கல்மாவினால் வருவது. 2,164 மீட்டர் உயரமுள்ள உச்சியில் நின்றால் எதிரே கிளெட்சும், அதற்கு அப்பால் ஃபுர்காவுக்கு ஏறும் சாலையின் மடிப்புகளும் ஒரே பார்வையில் தெரியும். இந்தப் பக்கம் விழும் மழை ஆரே ஆற்றின் வழியே ரைனில் கலந்து வடகடலுக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுவது ரோன் ஆறாகி மத்தியதரைக் கடலுக்குப் போகிறது.

ரோன் பிறக்கும் பனியாறு கிளெட்சுக்கு மேலேதான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது பள்ளத்தாக்கின் தரை வரை இறங்கி, கிளெட்சை எட்டும் தொலைவில் கிடந்தது. இன்று அந்தப் பாறைச்சரிவு வெறுமையாக இருக்கிறது, பனியின் விளிம்பு வெகுதூரம் மேலே பின்வாங்கி, அதன் முன்னால் ஒரு ஏரி தேங்கியிருக்கிறது. ஃபுர்கா ஏற்றத்தின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கும் பெல்வெடேர் விடுதி இருக்கிறது, அதன் எதிரே வண்டிகளை நிறுத்தலாம். பனியில் குடைந்த குகையைக் கோடை வெயிலிலிருந்து காப்பாற்ற வெள்ளைத் துணிகளை விரித்துப் போர்த்தி வந்திருக்கிறார்கள். அழகான காட்சி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வழியில் பார்த்த எல்லாவற்றையும்விட அதிக நேரம் நாங்கள் நின்றது அங்கேதான்.

ஃபுர்காவின் உச்சி 2,429 மீட்டர். அதிலிருந்து கிழக்கே ரியால்ப் நோக்கி இறங்கும் பகுதிதான் மூன்று கணவாய்களிலும் ஓட்டுநரைச் சோதிப்பது. சாலை குறுகுகிறது, பல இடங்களில் நடுக்கோடு இல்லை, விளிம்பில் தொடர்ச்சியான தடுப்புச் சுவருக்குப் பதிலாகக் கல்தூண்கள் இடைவெளிவிட்டு நிற்கின்றன. சாலை பள்ளத்தாக்கின் வடபுறச் சரிவை ஒட்டிப் போவதால், கிழக்கு நோக்கி வலப்பக்கத்தில் ஓட்டுபவர் பள்ளத்தின் விளிம்பிலேயே போக வேண்டும். உயரத்திற்கு அஞ்சுபவர்கள் இதே வட்டத்தை மறுதிசையில், அதாவது சுஸ்டனில் தொடங்கி ரியால்பிலிருந்து ஃபுர்கா ஏறுமாறு அமைத்துக்கொள்வது நல்லது. அப்போது மலைச்சுவர் வலப்பக்கம் வந்துவிடும், பள்ளம் எதிர்த்தடத்தின் பிரச்சினையாகிவிடும். அந்த இறக்கத்தின்போது என் தாயார் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லத் தொடங்கினார். "சிமிழ் போல ரோடு" என்பது தந்தையார் சொன்ன ஒரே விமர்சனம்.

இந்த வளைவுகளின் எண்ணிக்கை நம்மவர்களைப் பயமுறுத்தாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறியவருக்கு ஆல்ப்ஸின் வளைவுகள் அகலமாகவும் நன்கு தளம் இட்டவையாகவும் தெரியும். மாறுவது பக்கம். வலப்பக்கப் போக்குவரத்தில் வலப்புறம் திரும்பும் கொண்டை ஊசி வளைவுதான் உள்வட்டம், அதுதான் இறுக்கமானது, செங்குத்தானதும்கூட. நம் ஊரில் இடப்புற வளைவுக்குக் காட்டும் எச்சரிக்கையை அங்கே வலப்புற வளைவுக்குக் காட்ட வேண்டும். திரும்புவதற்கு முன் தலையைத் தூக்கி, மேலே வரும் சாலையையும் கீழிருந்து வரும் சாலையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டால், பேருந்து வருகிறதா என்பது முன்பே தெரிந்துவிடும்.

அஞ்சல் பேருந்துக்கு அங்கே தனி மரியாதை உண்டு. நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது மலை அஞ்சல் சாலை. அதில் பேருந்து ஓட்டுநர் காட்டும் சைகைக்கு மற்ற வண்டிகள் கட்டுப்பட வேண்டும், பின்னால் போகச் சொன்னால் போகத்தான் வேண்டும். பார்வை மறையும் வளைவுக்கு முன் அவர் மூன்று சுரத்தில் ஹாரன் அடிப்பார். அந்த ஒலி கேட்டால் வளைவுக்கு முன்பே, அகலமான இடத்தில் நின்றுவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு நின்றால் இருவருக்கும் சிக்கல். கார்கள் இரண்டு எதிரெதிரே மாட்டிக்கொண்டால் இறங்கி வருபவர்தான் முதலில் நிற்க வேண்டும், தேவைப்பட்டால் பின்வாங்க வேண்டும்; ஒதுங்குமிடம் ஏறி வருபவருக்கு மிக அருகில் இருந்தால் மட்டும் அவர் பின்வாங்குவார். ஏறுபவருக்கே முதலிடம் என்பது நம் மலைச்சாலைகளிலும் விதிதான், ஆனால் அங்கே அதை எல்லாரும் கடைப்பிடிக்கிறார்கள்.

ஏறுவதை விட இறங்குவதற்கே அதிகக் கவனம் வேண்டும். ஃபுர்காவிலிருந்து ரியால்ப் வரை சுமார் 900 மீட்டர் உயரத்தை இழக்கிறோம். அதைக் காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே செய்தால் பிரேக் சூடேறி, கருகல் வாடை வந்து, கடைசி வளைவுகளில் பிடிப்புக் குறையும். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய லாரி ஓட்டுநர்களின் விதி இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் தண்டைக் கையியக்க நிலைக்கு மாற்றி இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் நிறுத்திக்கொள்ளலாம். ஹைப்ரிட் கார்களில் இறக்கத்திற்கென்றே 'B' என்ற நிலை பெரும்பாலும் இருக்கும். அதன் பிறகு பிரேக்கை வளைவுக்கு முன் மட்டும், அழுத்தமாகச் சில விநாடிகள் மிதித்து விட்டுவிட வேண்டும். காரைக் கையில் வாங்கும்போதே, நிறுத்துமிடத்தில் வைத்து, இந்த நிலைகளை ஒருமுறை மாற்றிப் பார்த்துக்கொள்வது அவசியம். கணவாயின் உச்சியில் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஆண்டெர்மாட்டில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஷொல்லெனன் மலையிடுக்கின் வழியே வாஸனுக்கு இறங்கலாம். கணவாய்களின் மேலே பெட்ரோல் நிலையங்களை எதிர்பார்க்க முடியாது என்பதால் மைரிங்கனிலும் ஆண்டெர்மாட்டிலும் நிரப்பிக்கொள்வதே வழக்கம். இந்தத் துண்டில்தான் கோட்ஹார்ட் சுரங்கச் சாலையின் வாயிலும் இருக்கிறது. 1980-இல் திறக்கப்பட்ட, 16.9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தில் திசைக்கு ஒரே தடம்தான். இரண்டாவது சுரங்கத்தை இப்போது தோண்டிவருகிறார்கள். ஈஸ்டர் விடுமுறையிலும் கோடை வார இறுதிகளிலும் இத்தாலிக்குப் போகும் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நிற்கும், அந்த நெரிசல் பக்கத்து ஊர்ச் சாலைகளுக்கும் வழியும். வட்டச் சுற்றுக்கு வார நாளைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

சுஸ்டன் சாலை 1946-இல் திறக்கப்பட்டது, முதலிலிருந்தே மோட்டார் வாகனங்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. மற்ற இரண்டையும் ஓட்டிவிட்டு வருபவருக்கு அந்த வேறுபாடு உடனே தெரியும். ஏற்றம் சீரானது, வளைவுகள் பெரியவை, உச்சியில் ஒரு சிறு சுரங்கத்தைக் கடந்ததும் இடப்பக்கம் ஷ்டைன் பனியாறு விரிகிறது. பிற்பகலில் மேற்கு நோக்கி இறங்கும்போது வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், சுரங்கத்திலிருந்து வெளியேறும் கணத்தில் சில விநாடிகள் எதுவுமே தெரியாது. கறுப்புக் கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இந்தக் கணவாய்கள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. பனியைப் பொறுத்து மே இறுதியிலோ ஜூனிலோ திறந்து, அக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ மூடுவார்கள்; கோடையின் நடுவிலும் திடீர்ப் பனியாலோ நிலச்சரிவாலோ சில மணி நேரம் மூடக்கூடும். அடிவாரத்தில் சாலையோரப் பெரிய பலகை ஒன்று ஒவ்வொரு கணவாயும் திறந்திருக்கிறதா என்பதைப் பச்சையிலும் சிவப்பிலும் காட்டும். காலையில் கணவாய்களின் நேரலைக் கேமராக்களையும் சுவிஸ் வானிலைத் துறையின் செயலியையும் பார்த்துவிட்டுக் கிளம்புவது எங்கள் வழக்கமாகிவிட்டது. கீழே வெயில் அடிக்கும்போது மேலே மூடுபனி இருப்பது சாதாரணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குக் குறையாமல் குளிரும். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால் உயரமான பகுதியை முற்பகலில் முடிப்பது நலம். கணவாய் மூடியிருந்தால் காரை ரயிலில் ஏற்றிக்கொண்டு மலைக்கு அடியில் போகலாம். ஃபுர்காவுக்குப் பதிலாக ஒபர்வால்டுக்கும் ரியால்புக்கும் இடையிலும், பெர்னிலிருந்து வாலேக்குப் போகக் காண்டர்ஷ்டெக்கிலிருந்து கோப்பன்ஸ்டைன் வரையிலும் அத்தகைய ரயில்கள் ஓடுகின்றன. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான், கால் மணி நேரத்தில் மறுபுறம் வந்துவிடும்.

மூடியது என்ற பலகையைப் பார்த்தபின் "கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்" என்ற நம் வழக்கத்தை அங்கே கைவிட வேண்டும். கோப்பன்ஸ்டைனை அடுத்த லோட்ஷன் பள்ளத்தாக்கில் 2025 மே 28 அன்று பிர்ஷ் பனியாறு பாறைகளோடு சரிந்து பிளாட்டன் என்ற ஊரின் பெரும்பகுதியை மூடியது. சில நாள்களுக்கு முன்பே மலையின் அசைவைக் கவனித்து சுமார் 300 பேரை அங்கிருந்து வெளியேற்றியிருந்தார்கள். அந்நாட்டில் ஒரு சாலையை மூடுகிறவர்கள் எதையோ அளந்து பார்த்துவிட்டுத்தான் மூடுகிறார்கள்.

வாலே மாநிலத்தில் கார் உண்மையிலேயே பயன்பட்டது கிளைப் பள்ளத்தாக்குகளில். சியோனிலிருந்து தெற்கே ஏறும் எரான்ஸ் பள்ளத்தாக்கில், தலையில் பாறாங்கல்லைச் சுமந்து நிற்கும் மண்கூம்புகளுக்குள் குடைந்த சிறு சுரங்கத்தின் வழியே சாலை போகிறது. அங்கிருந்து ஒரு கிளை கிராண்ட் டிக்ஸான்ஸ் அணையின் அடிவாரத்தை அடைகிறது. 285 மீட்டர் உயரமுள்ள அது உலகின் மிக உயரமான எடையீர்ப்பு அணை (தன் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்பது), 1961-இல் முடிந்தது. கீழே காரை நிறுத்திவிட்டுக் கேபிள் காரில் மேலே போகலாம். இன்னொரு கிளை எவொலேன் வழியாக அரோலாவில் முடிகிறது. சியெர் நகரிலிருந்து ஏறும் அனிவியே பள்ளத்தாக்கில் கிரிமென்ட்ஸைத் தாண்டி முவாரி ஏரிக்குப் போகும் சாலையும் இதே வகை. இந்த ஊர்களுக்குப் பேருந்தும் உண்டு, ஆனால் ஒரே நாளில் இரண்டு கிளைகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் தங்குமிடத்துக்குத் திரும்பப் பெற்றோருடன் எங்களால் முடிந்தது காரினால்தான்.

அதே மாநிலத்தில் காரே நுழைய முடியாத ஊர்களும் உண்டு. செர்மாட்டுக்கு டேஷ் வரைதான் போகலாம். அங்கே 2,000-க்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும் கட்டடத்தில் வண்டியை விட்டுவிட்டு, 12 நிமிட ரயில் பயணம். ஆலெட்ச் பனியாற்றைப் பார்க்கப் போகும் பெட்மரால்ப், ரீடரால்ப் ஆகிய ஊர்களுக்கும் அடிவாரத்தில் நிறுத்திவிட்டுக் கேபிள் காரில்தான் ஏற வேண்டும். பெர்ன் மாநிலத்தில் லாட்டர்புருன்னன் வரை சாலை போகும், வெங்கனுக்கு ரயில், மூர்ரனுக்குக் கேபிள் கார். கோடையில் காலை பத்து மணிக்குப் பிறகு லாட்டர்புருன்னனில் இடம் கிடைப்பது அரிது, அந்தக் குறுகிய பள்ளத்தாக்கே வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். அங்கே போகும் நாளில் எங்கள் காரை விடுதியிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறினோம். கார் வாடகை வீணாகிறதே என்ற கணக்கைப் பார்க்காமல் இருப்பது கடினம், பார்க்காமல் இருப்பதே லாபம்.

ஊர்களில் காரை நிறுத்தும்போது தரையில் வரைந்த கோட்டின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடு பொதுவாகக் கட்டணமுள்ளது, மஞ்சள் தனியாருக்குரியது, நீலம் இலவசம் ஆனால் நேரக் கட்டுப்பாடு உண்டு. நீலத்தில் பகலில் ஒரு மணி நேரம் நிறுத்தலாம். அதற்குக் காரில் இருக்கும் நீல அட்டை வட்டத்தை, வந்த நேரத்திற்கு அடுத்து வரும் அரை மணிக் கோட்டில் திருப்பிக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். 10.10-க்கு வந்தால் முள்ளை 10.30-இல் வைக்கலாம், 11.30 வரை நேரம். கட்டண இயந்திரங்கள் சிலவற்றுக்குச் சில்லறை நாணயம்தான் பிடிக்கும், ஆகவே ஐந்து ஃபிராங்க் நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுக்கு, சமையலறை உள்ள வீட்டை வாடகைக்கு எடுத்ததும், மலைக்குப் போகும் முன் பெர்னிலுள்ள தமிழ்க் கடையில் அரிசி, பருப்பு, இடியப்ப மாவு ஆகியவற்றை வாங்கி டிக்கியில் ஏற்றிக்கொண்டதும் பெருஞ்செலவைத் தவிர்த்தன. ஈழத்திலிருந்து வந்து அங்கே வேரூன்றிய தமிழர்கள் நடத்தும் இத்தகைய கடைகள் பெரும்பாலான சுவிஸ் நகரங்களில் இருக்கின்றன. மலைச்சாலைகளைப் பற்றி கடைக்கார அண்ணர் சொன்ன விவரங்கள் எந்தச் செயலியிலும் கிடைக்காதவை. ஞாயிறன்று மலையூர்களில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி முடிக்க வேண்டும்.

திருப்பித் தருவதற்கு முன் அருகிலுள்ள நிலையத்தில் பெட்ரோலை நிரப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, வண்டியின் நான்கு பக்கங்களையும் சக்கர விளிம்புகளையும் எரிபொருள் முள்ளையும் கிலோமீட்டர் எண்ணையும் படமெடுத்துக்கொள்வது நல்லது. எடுத்தபோது பிடித்த படங்களோடு சேர்த்து அவற்றை ஆறு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். கேமராவில் சிக்கியிருந்தால் அபராதம் உடனே வராது. காவல்துறை முதலில் வாடகை நிறுவனத்தைக் கேட்கும், நிறுவனம் நம் முகவரியைக் கொடுத்துவிட்டு அந்த வேலைக்கென ஒரு கட்டணத்தை நம் கார்டில் பிடித்துக்கொள்ளும், அபராதச் சீட்டு அதற்குப் பின் தனியாக வீட்டுக்கு வரும். இரண்டும் வெவ்வேறு தொகைகள். ஒன்று கார்டில் பிடிக்கப்பட்டுவிட்டதால் மற்றது தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சீட்டில் உள்ள கெடுவுக்குள் வங்கி வழியாகவோ இணையத்திலோ கட்டிவிட்டு, அந்த ரசீதையும் அதே கோப்பில் சேர்த்துவிடலாம்.